ஏழாம் நம்பர் டோக்கன்

இனிமேல் வர வேண்டாம் என்று போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கடைசியில் வருஷத்துக்கு ஒரு தடவை என்று பன்னிரண்டு வருஷம் நான் போய்வந்த ஆஸ்பத்திரி அது. "உங்களுக்கு இனி எங்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, சவரிமுத்து" என்று சிரித்துக்கொண்டே என் கார்டை மூடினார். வீட்டில் என் மனைவி மேரி அன்று பாயசம் வைத்தாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்வார்கள் என்பதையும் வழியில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சீக்கு வந்து பயந்து கிடக்கிறவர்கள் யாருக்காவது உபயோகப்படும்.

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு செக்ரோலில் ஆஜர் போட்டு, யாருக்கு எந்தத் தோட்டம் என்று வேலை பிரித்து அனுப்புவது என் தொழில். இதில் ஒரு சங்கடம் உண்டு. காப்பிச் செடியைக் கவாத்து வெட்டுவது, மிளகுக்கொடி நடுவது மாதிரி புது வேலை எதையும் ராகுகாலத்தில் தொடங்க ஆட்கள் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார்கள். அதனால் வேதக்காரனாகிய எனக்கு எந்தக் கிழமையில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பாதிரியார்கூட ஒருமுறை இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தார். இந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு முப்பத்துநாலு வயது நடக்கும்போது, ஒரு நாள் சவரம் செய்கையில் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி கையில் பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலியில்லாத கட்டியை யார் சட்டை செய்வார்கள்? அதோடு உடம்பெல்லாம் அரிப்பு. தோட்டத்துக்கு மருந்து அடித்ததால் வந்த அரிப்பு என்று நினைத்தேன். முதலில் பார்த்த டாக்டர் காசநோயாக இருக்கும் என்று சொல்லி நாலு மாதம் மாத்திரை கொடுத்தார். மாத்திரையும் தீர்ந்தது, கட்டியும் எலுமிச்சை அளவு ஆனது.

சேலத்தில் அந்தக் கட்டியை அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த காகிதத்தைப் படித்த டாக்டர் என்னை விட்டுவிட்டு மேரியைப் பார்த்து, "கூட யாராவது பெரியவர்கள் வந்திருக்கிறார்களா?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. மேரி மட்டும், "நாந்தானுங்க பெரியவ. எங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

உடம்பில் ரத்தம் ஓடும் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. அந்த வழியில் அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள். கழுத்து, அக்குள், மார்பு, வயிறு, தொடையிடுக்கு எங்கும் இருக்கின்றன. அந்த முடிச்சுகளில் வரும் புற்றுநோய் என்றார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பேரை வைத்துத்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவே ஒரு வாரம் பிடித்தது.

சமவெளியில் இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேலத்திலிருந்து பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அங்கேதான் சடையனைப் பார்த்தேன்.

அவர் மாரமங்கலத்துக்காரர். இரண்டு ஏக்கர் காப்பி, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, வீட்டுக்குக் கேழ்வரகு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். அவர் கழுத்திலும் அதே கட்டி, வலது பக்கம். ஒரே மலை என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரைட்டரய்யா, நம்ம மலைக் காத்து ஒடம்புக்கு நல்லதும்பாங்க. பாத்தீங்களா, ரெண்டு பேரும் இங்க வந்து குந்திட்டு இருக்கறோம்" என்றார். அவர் மனைவி காவேரி கூடவே தங்கியிருந்தாள். நோயாளிகளின் வீட்டார் சமைப்பதற்கென்று பின்பக்கம் ஒரு கொட்டகை இருந்தது. மேரி மகளைப் பார்த்துக்கொள்ள மலைக்குப் போயிருந்த நாட்களில் எனக்கும் சேர்த்துக் காவேரிதான் களி கிண்டிக் கொண்டுவந்தாள். மறுக்க விடமாட்டாள். "தட்டுல வெச்சதத் திருப்பி எடுத்துட்டுப் போற பழக்கம் எங்கூர்ல இல்லீங்க" என்பாள்.

ஆய்வுக்கூடத்து டாக்டர் ஒரு நாள் என்னை அழைத்து மைக்ராஸ்கோப்பில் என் கட்டியைக் காட்டினார். கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்தார்கள். ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பொடிப் பொடியாகத் தெரிந்தது. நடுவில் ஒன்று மட்டும் பெரியது. அதற்குள் இரண்டு கருவட்டம். "இதுதான் ஆள்" என்றார். ஆந்தை இரண்டு கண்ணையும் விரித்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் மூடுபனி நேரத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே இரண்டு கரும்புள்ளி பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் எனக்குக் கால் நின்றுவிடும்.

நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாதாம். எதுவரைக்கும் போயிருக்கிறது என்று அளந்தால்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்க முடியும். எங்கள் வார்டு டாக்டர் ஒரு காகிதத்தில் மனித உருவம் வரைந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் முதல் நிலை. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று இடம் என்றால் இரண்டாம் நிலை. கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இருந்தால் மூன்று. முடிச்சுகளை விட்டு ஈரல், எலும்பு மஜ்ஜை என்று பரவிவிட்டால் நாலு. காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு இருந்தால் அதற்குத் தனியாக ஓர் எழுத்து. எனக்கு இது உடனே புரிந்தது. காப்பியில் தண்டு துளைப்பான் பூச்சி விழுந்தால் நாங்களும் ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எத்தனை தோட்டம் என்று இப்படித்தான் குறித்துக்கொண்டு போவோம். சடையனுக்கும் நான்தான் அப்படி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "நாம துளைப்பான் விழுந்த செடியப் புடுங்கித் தீ வெச்சுருவோமுங்களே ரைட்டரய்யா" என்றார். 

அளப்பதற்கான பரிசோதனைகள் ஒவ்வொன்றாக ஆரம்பமாயின. சடையனுக்கு எதற்கும் முதலில் போகப் பயம். ஆனால் பயம் என்று ஒருநாளும் வாயால் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு வைத்திருப்பார். இடுப்பெலும்பில் ஊசியைத் திருகி மஜ்ஜை எடுக்கும் நாளில், "இப்பத்தான் யாரோ தும்முனாங்க, நீங்க முன்னாடி போங்க" என்றார். பாதத்தில் சாயம் ஏற்றும் நாளில் செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்தச் சாயப் பரிசோதனையைச் சொல்ல வேண்டும். கால் விரலிடுக்குகளில் நீலச் சாயத்தை ஊசியால் போடுவார்கள். அது நிணநீர்க் குழாயில் ஏறி, பாதத்தின் மேலே நூல் மாதிரி ஒரு நீலக் கோடு தெரியும். அதைக் கீறி எடுத்து, அதற்குள் தலைமுடி போன்ற குழாயைச் செருகி எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரேயில் வயிற்று முடிச்சுகள் தெரியும். வலி பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில்தான் வேடிக்கை. கழிப்பறைக்குள் போன சடையன் "ஐயோ சாமி" என்று கத்திக்கொண்டு வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார். சிறுநீர் பச்சையாகப் போயிருக்கிறது. முந்தின ராத்திரியே எனக்கு அப்படிப் போனது, நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். "முன்னாடி போனவரு சொல்றதில்லீங்களா?" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதால் கடைசியில் வயிற்றைத் திறந்தே பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். குணப்படுத்த அறுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்ப்பதற்காக அறுப்பதை அங்கேதான் கண்டேன். மண்ணீரலை முழுசாக எடுத்துவிட்டு, ஈரலில் ஒரு துணுக்கும் முடிச்சுகளில் சிலதும் கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெளியே எந்தக் குறியும் இல்லாத என் மண்ணீரலுக்குள் கடுகளவு இருந்ததாம். அந்தக் கடுகால் இரண்டாம் நிலையில் இருந்த நான் மூன்றாம் நிலைக்குப் போனேன். சடையனுக்கும் மூன்றாம் நிலைதான். மண்ணீரல் இல்லாதவனுக்குச் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்து என்று சொல்லி அனுப்பியதிலிருந்து மேரி தலையணைக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

தையல் பிரித்த அன்று சடையன் டாக்டரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். "ஏனுங்க, எங்கிட்ட இருந்து எடுத்தீங்களே, அதக் குடுத்தீங்கன்னா ஊருக்குக் கொண்டுபோயி நம்ம காட்டுல பொதைச்சுருவேனுங்க. நாளைக்கு நான் போறப்ப முழுசாப் போகோணுமில்லீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அது ஆராய்ச்சிக்கு வேண்டியிருக்கிறது. பத்திரமாக இருக்கும்" என்றார். அன்று பூராவும் சடையன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக்கூட ஏதோ ஒரு பாத்திரத்தில் நானே மிதப்பதுபோல் ராத்திரியெல்லாம் தோன்றியது.

இனி வைத்தியம். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். ஊசியும் மாத்திரையுமாக மாதாமாதம் மருந்து மட்டும் கொடுப்பது ஒரு முறை. அந்த மருந்தோடு கதிர் வைத்தியமும் சேர்ப்பது இன்னொரு முறை. கோபால்ட் மெஷினுக்கடியில் படுக்க வைத்துக் கதிரைப் பாய்ச்சுவதை வார்டில் எல்லாரும் 'கரண்டு வைக்கிறது' என்போம். "உங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தால் கேட்கவே மாட்டோம், அதையே கொடுத்துவிடுவோம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. சம்மதித்தால் கையெழுத்துப் போடுங்கள். சம்மதிக்காவிட்டாலும் வைத்தியம் உண்டு" என்றார்.

யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார். தெம்பாக இருப்பவர்களாகப் பார்த்து ஒரு பக்கமே சேர்த்துவிட்டால் முடிவு பொய்யாகிவிடுமாம். அதனால் ஒட்டிய பழுப்பு உறைகளை நம்பர் போட்டு சிஸ்டரின் மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவுடன் மேலே இருப்பதைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு. அடுத்து வருகிறவருக்கு அடுத்த உறை.

"அட, எங்க கோயில்ல பூக்கட்டிப் பாக்கற மாதிரிதானுங்களே" என்றார் சடையன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். கல்யாணம் முதல் கிணறு தோண்டுவதுவரை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதனால் அவருக்கு அதில் குழப்பமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அது ஒரு வியாழக்கிழமை. கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சடையனுக்கு ஏழாம் நம்பர் டோக்கன், எனக்கு எட்டு. காவேரி கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தாள். மேரி மலையில் இருந்தாள். வைத்தியம் திங்கட்கிழமைதான் ஆரம்பம், அதுவரை ஊருக்குப் போய்வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளைப் பார்த்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் சேலம், அங்கிருந்து கடைசி பஸ்ஸில் மலையேறிவிடலாம். அதை விட்டால் மறுநாள்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

சிஸ்டர் வெளியே வந்து, "ஏழு" என்று கூப்பிட்டார்.

சடையன் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "ராகுகாலமுங்க. முடியட்டும். நீங்க முன்னாடி போங்க ரைட்டரய்யா. ஒங்களுக்குத்தான் அதெல்லாம் இல்லியே" என்றார்.

வியாழக்கிழமை ராகுகாலம் மத்தியானம் ஒன்றரைக்குத்தான். எனக்கு அது தெரியும். அவர் முகத்தில் இருந்த பயமும் தெரியும். "இப்போது ராகுகாலம் இல்லை, எழுந்திருங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸை நினைத்தேன். எழுந்து உள்ளே போனேன்.

எனக்கு வந்த உறையில் மருந்தும் கரண்டும் சேர்ந்து இருந்தது. நான் வெளியே வந்து சொன்னதும் சடையன் பாவம் என்று உச்சுக்கொட்டினார். பிறகு அவர் போய்க் கைநாட்டு வைத்தார். அவருக்கு மருந்து மட்டும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம மலைச்சாமி சேர்வராயன் காப்பாத்திட்டாருங்க. எனக்குக் கரண்டு இல்லீங்க" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. பன்னிரண்டு மணி பஸ் எனக்குக் கிடைத்தது.

அடுத்த எட்டு மாதத்தை நீட்டிச் சொல்ல மாட்டேன். மருந்து ஏறிய அன்று குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கரண்டு வைத்த இடம் கழுத்தைச் சுற்றிக் கருகி, எச்சில் வற்றி, சோறு வாயில் மணலாகக் கிடந்தது. முடி கொட்டியபோது மகள் வீட்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணிப்பெட்டிக்கடியில் ஒளித்துவைத்தாள். "அப்பா பாத்தா அழுவாரும்மா" என்று மேரியிடம் ரகசியம் சொன்னாளாம். மேரி என் சட்டைகளின் காலரையெல்லாம் வெட்டியெடுத்து, கழுத்தில் உரசாதபடி பழைய சேலைத் துணியால் ஓரம் தைத்தாள். அந்தச் சட்டைகள் இன்னும் இருக்கின்றன. சடையன் என்னைவிட லேசாகத் தேறினார். ஊசி போட வரும் நாட்களில் மடியில் மிளகு கட்டிக்கொண்டு வந்து, எனக்கு ரசம் வைக்கச் சொல்லி மேரியிடம் கொடுப்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. "மறுபடியும் காச்சலுங்க ரைட்டரய்யா. கழுத்துல இல்லீங்க, இப்ப உள்ளாற வந்திருக்குதாம்" என்றார். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஒங்களுக்கு நல்லா ஆறிப்போச்சுங்க" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், பின்னால் கரண்டும் வைத்தார்களாம். அடுத்த மழைக்காலத்தில், மாரமங்கலத்துப் பக்கம் மிளகு வாங்கப் போய்வருகிற கடைக்கார பாய் என்னிடம் சொன்னார். "ஒங்க ஆஸ்பத்திரிக் கூட்டாளி மவுத்தாயிட்டாருங்க ரைட்டரே. நேத்து எடுத்துட்டாங்க."

நான் போகவில்லை. காவேரி கொடுத்த களியைத் தின்றவன் நான், துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மேரியிடம் சொன்னேன். அவள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். காய்ச்சல் இல்லை.

அன்றிலிருந்து அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை, அதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் எந்த வரிசையில் நின்றாலும் முதுகுக்குப் பின்னால் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருப்பது தெரிகிறது. "நீங்க முன்னாடி போங்க ரைட்டரய்யா." ரேஷன் கடையில் பின்னால் வருகிறவர்களை எல்லாம் முன்னால் விடுவேன். பஸ்ஸில் கடைசியாகத்தான் ஏறுவேன். கண்டக்டர் என்னை "வாங்க, கடைசி சீட்டு முதலாளி" என்று கூப்பிடுவார். கோயிலில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்கப் போகும்போதும் கடைசி ஆள் நான்தான். பார்க்கிறவர்கள் தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் பனிக்குள் நின்று செக்ரோலில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முடித்த பிறகும், இன்னும் ஒரு பேர் பாக்கி இருப்பதுபோல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பனிக்குள்ளிருந்து யாராவது "ஐயா" என்று பதில் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

போன மாதம் டாக்டர் கார்டை மூடியபோது கடைசியில் கேட்டுவிட்டேன். அந்த வியாழக்கிழமையை முழுசாகச் சொல்லி, "நான் எடுத்தது அவருடைய உறை. அது அவருக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா?" என்றேன்.

 அவர் எழுந்து என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரி. பழைய நோட்டைப் பார்த்து, ஒரு இழுப்பறையைத் திறந்து மண்ணீரல் சீவல் ஒட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடுத்தடுத்த நம்பர்கள். "ஒன்று நீங்கள், ஒன்று அவர்" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் அந்த இருட்டு இழுப்பறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறோம். சடையன் ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டது இதைத்தான். கையில் கனமே தெரியவில்லை.

"நூறு பேரைப் பற்றிக் கேட்டால் இந்த ஆராய்ச்சி ஏதாவது பதில் சொல்லும். ஒருத்தரைப் பற்றிக் கேட்டால் சொல்லாது. பிழைத்திருக்கலாம். அந்த வைத்தியத்திலும் போயிருக்கலாம். அவர் பிரித்த உறை உங்களுக்கு வந்திருந்தாலும் நீங்கள் பிழைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது, சவரிமுத்து" என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாரமங்கலம் பஸ் ஏறினேன். மேரியிடம் எங்கே என்று சொல்லவில்லை. இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். திரும்பிவிடலாம் என்று மூன்று இடத்தில் நின்றேன்.

காவேரி வாசல் களத்தில் காப்பிப் பழம் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கிளறுகிற பலகையைக் கீழே போட்டுவிட்டு, "ரைட்டருங்களா? வாங்க, வாங்க. நொம்ப நாளாச்சுங்க. ஊட்ல அம்மா சௌக்கியமுங்களா? பாப்பா பெருசாயிருக்குமே" என்றாள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஆறவிட்டபடி, குடிக்காமலே, நான் சொல்ல ஆரம்பித்தேன். டோக்கன் நம்பர், சிஸ்டர் கூப்பிட்டது, அவர் ராகுகாலம் என்றது, எல்லாம் சொன்னேன். "அது அவர் உறைங்கம்மா. நான் எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள் அவள். "அவரு அன்னைக்கு ராத்திரியே சொன்னாருங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு எதுக்கும் முன்னாடி போகப் பயமுங்க. சேர்வராயன் கோயில் கொகைக்குள்ள குனிஞ்சு போகோணுமில்லீங்க, அங்கயே என்னத்தான் முன்னாடி உடுவாரு. அன்னைக்கு ராகுகாலமுன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டாராம். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சாம், எஸ்டேட்டு ரைட்டருக்குத் தெரியாத ராகுகாலமான்னு. 'அவரு தெரிஞ்சும் என்னைய சிஸ்டரம்மா முன்னாடி காட்டிக்குடுக்காமப் போனாருடி காவேரி. என்ற மானத்தக் காப்பாத்துனாரு. நல்ல மனுசன்'னு சொன்னாருங்க. சாகறப்பவும் ஒங்களப் பத்திச் சொன்னாருங்க, ரைட்டருக்கு நல்லாயிருச்சான்னு."

இத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். இத்தனை வருஷமாக நான் சுமந்ததை அந்த மனுஷர் அன்று ராத்திரியே நன்றியாக மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்கிக்கொண்டு வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அது எனக்கு உரியது இல்லை. இன்னொரு தடவை அவருடையதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"அவர் மானத்துக்காக நான் போகலீங்கம்மா" என்றேன்.  "பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு போனேன். கொழந்தையப் பாக்கணும்னு. அவர் பயப்படறது எனக்குத் தெரியும். அப்படியே விட்டுட்டுப் போனேன்."

 காவேரி பலகையை எடுத்துக் காப்பிப் பழத்தை ஒருமுறை முழுக்கக் கிளறினாள். களத்தின் அந்தக் கோடிவரை போனாள், திரும்பி வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"பஸ்ஸு கெடச்சுதுங்களா?" என்றாள்.

"கெடச்சுதுங்க."

"புள்ளையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேற்கே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. "இப்பவும் ஒங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இது போச்சுன்னா நாளைக்கித்தான். கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு, ஈரம் படுவதற்குள் பழத்தைக் குவிக்கத் தொடங்கினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினேன். சுவரோரம் சாய்த்துவைத்திருந்த இன்னொரு பலகையை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள ஆரம்பித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே வளைவில் பஸ் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. போகட்டும் என்று விட்டேன்.